பிளட் தின்னர் சாப்பிடும்போது மாதவிடாய் பெருகினால்: எந்த வழி யாருக்கு?

கணக்குப்படி என் தங்கையின் மாத்திரை அட்டையில் எட்டு மாத்திரை மிச்சம் இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தது.

ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்ததில் ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தாள். கட்டைப் பிரித்த பிறகும் வீக்கம் வடியவில்லை. டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், தொடை வரைக்கும் நாளத்தில் ரத்தம் உறைந்திருந்தது. ரிவராக்சபான் என்ற பிளட் தின்னர் மாத்திரையை ஆரம்பித்தார்கள். முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இரண்டு வேளை, அப்புறம் 20 மில்லிகிராம் ஒரு வேளை, குறைந்தது மூன்று மாதம். இரண்டாவது வாரத்தில் அவளுக்கு மாதவிடாய் வந்தது. அட்டையை அவள் முன்னால் வைத்துக் கேட்டபோது, மெதுவாகத்தான் சொன்னாள்: "அந்த ரெண்டு நாளும் தாங்க முடியலைக்கா. மாத்திரையை நிறுத்தினா கொஞ்சம் குறையும்னு நானேதான் நிறுத்தினேன்."

நான் மருந்தாளுநர். பதினைந்து வருடமாக இந்த மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கிறேன். அவளுக்கு எழுதிக்கொடுத்த இடத்தில் கால் வீக்கத்தைக் கேட்டார்கள், மூச்சுத்திணறல் உண்டா என்று கேட்டார்கள், பீரியட்ஸ் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிற, மாதவிடாய் நிற்காத பெண்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வரைக்கும் அதிக ரத்தப்போக்கு வருகிறது. இது அபூர்வமான பக்கவிளைவு இல்லை. மருந்துச்சீட்டு எழுதும் நாளிலேயே பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

அதனால் என்னென்ன வழிகள் உண்டு, எது யாருக்குப் பொருந்தும் என்று எழுதி வைக்கிறேன். இரண்டு பேரை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஒருத்தி என் தங்கை, வயது 32, சில மாதங்களுக்கு மட்டும் மாத்திரை. இன்னொருவர் எங்கள் அத்தை, வயது 43. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலில் இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், 29 வயதில் உலோக வால்வு வைத்தவர். இரவு வீடு அடங்கிய பிறகு அவர் பக்கத்தில் படுத்தால் அந்த வால்வின் 'டிக் டிக்' கேட்கும். அவருக்கு வார்ஃபரின் வகை பிளட் தின்னரான அசெனோகூமரால், ஆயுள் முழுக்க. இருவருக்கும் ஒரே பிரச்சினை. ஆனால் ஒருவருக்குச் சரியான வழி இன்னொருவருக்குச் சரியில்லை.

கணக்கிலேயே சேராத ஒரு வழி

மாத்திரையைத் தானாக நிறுத்துவதைத்தான் சொல்கிறேன். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. பேட் நிரம்பி, நைட்டி நனைந்து, மெத்தையில் பழைய துண்டை மடித்துப் போட்டுப் படுக்கும் பெண்ணுக்கு முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் மருந்து வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். ரிவராக்சபானின் பாதி, சின்ன வயதுக்காரர்களின் உடம்பிலிருந்து 5 முதல் 9 மணி நேரத்தில் போய்விடும். ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு கிட்டத்தட்ட இல்லை. உறைவு வந்த முதல் மூன்று மாதம், அதிலும் முதல் மாதம், மறுபடி உறைவதற்கும் அது நுரையீரலுக்குப் போவதற்கும் வாய்ப்பு மிக அதிகம். தங்கை மாத்திரையை விட்டது சரியாக அந்தக் காலத்தில்.

வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் லாபம்கூட இல்லை. அதன் விளைவு இறங்க நாலைந்து நாள் ஆகும். முதல் நாள் மாத்திரையை விட்டால் அன்றைய போக்கு குறையாது; மாதவிடாய் முடிந்து தலைக்குக் குளிக்கும் நேரத்தில்தான் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) விழுந்திருக்கும். ரத்தமும் போகும், பாதுகாப்பும் போகும். உலோக வால்வு உள்ளவருக்கு அந்த இடைவெளியில் வால்விலேயே ரத்தம் உறையலாம், பக்கவாதம் வரலாம்.

டாக்டர் சொல்லி ஒரு வேளை தள்ளிப்போடுவதோ அளவைக் குறைப்பதோ வேறு. அவருக்கு உறைவின் வயது தெரியும், சிறுநீரகக் கணக்கு தெரியும்.

வழி தேடும் முன்

எவ்வளவு போகிறது என்று ஒரு மாதம் எழுதுங்கள். 'அதிகமா போகுது' என்று சொன்னால் பல இடங்களில் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். எண் சொன்னால் கேட்கிறார்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. லேசாக நனைந்த பேடுக்கு 1, பாதி நனைந்ததற்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. ஒரு மாதவிடாயின் கூட்டல் 100-ஐத் தாண்டினால் அதிகப் போக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். தங்கையின் இரண்டாவது நாள் மட்டுமே 140. ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, பெரிய பெரிய கட்டியாகப் படுவது, இரவில் எழுந்து பேட் மாற்றுவது எல்லாம் அதே கணக்கில்தான் சேரும். மாதவிடாய்க் கப் பயன்படுத்தினால் மில்லிலிட்டரிலேயே அளந்து சொல்லலாம்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் என்று இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மூச்சு வாங்கினாலோ எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, எல்லாப் பழியையும் மாத்திரையின் மேல் போட்டுவிடக் கூடாது. முன்பே கர்ப்பப்பையில் இருந்த ஃபைப்ராய்டு கட்டியையோ, பாலிப் என்ற சதை வளர்ச்சியையோ, தைராய்டு குறைவையோ இந்த மாத்திரை வெளியே காட்டிக்கொடுக்கும். ஒரு அடிவயிற்று ஸ்கேன், ஹீமோகுளோபின், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, வார்ஃபரின் வகை என்றால் ஐஎன்ஆர், இவற்றைப் பார்க்க வேண்டும். 45 வயது தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பை உள்தோலிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிப்பதும் தேவைப்படும். அத்தைக்கு ஐஎன்ஆர் 2.5 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும். ஒரு மாதம் அது 5.1. ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதப் போக்குக்கு வழி, ஐஎன்ஆரைச் சரிசெய்வதுதான்.

அப்புறம் மூன்று கேள்விகள். மாத்திரை எதற்காக? எத்தனை காலத்துக்கு? இனி குழந்தை வேண்டுமா, வேண்டும் என்றால் எப்போது? போக்கின் அளவை விட இந்த மூன்றுக்கான பதில்தான் வழியைத் தீர்மானிக்கிறது என்பது என் துணிபு. மூன்றாவது கேள்வியைச் சும்மா சேர்க்கவில்லை. வார்ஃபரினும் அசெனோகூமராலும் கருவின் ஆரம்ப வாரங்களில் குறைபாடு உண்டாக்கக்கூடியவை. ரிவராக்சபான் வகைகளையும் கர்ப்பத்தில் கொடுப்பதில்லை. ஆகவே போக்கைக் குறைத்து, கருவையும் தள்ளிப்போடும் வழி என்றால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

டிரானெக்சாமிக் மாத்திரை

போக்கு அதிகமுள்ள நாட்களில் மட்டும் சாப்பிடுவது. 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை, நாலைந்து நாளுக்கு மேல் இல்லை. ஹார்மோன் கிடையாது, கருத்தரிப்பைத் தடுக்காது, அடுத்த மாதம் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். போக்கில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் குறையும்.

"உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, உறைய ஒரு மாத்திரையா?" என்று கேட்காதவர்கள் இல்லை. நியாயமான கேள்விதான். கர்ப்பப்பையின் உள்தோல் மாதவிடாய் நேரத்தில் உறைவைக் கரைக்கும் பொருள்களை நிறையச் சுரக்கிறது. டிரானெக்சாமிக் ஆசிட் அந்தக் கரைதலைத்தான் தடுக்கிறது. புதிதாக உறைவை உண்டாக்குவதில்லை. (ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962-இல் கண்டறிந்த மருந்து இது. பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. இன்று அதற்கும் பயன்படுகிறது.) இருந்தாலும் உறைவு புதிதாக இருக்கும்போது கொடுக்கக் கூடாது என்று பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே அச்சிட்டிருக்கும். உறைவைத் தடுக்கும் மருந்து முழு அளவில் உடம்பில் இருந்து, முதல் சில வாரங்களும் கடந்துவிட்டால், பல ரத்தவியல் மருத்துவர்கள் யோசித்துக் கொடுக்கிறார்கள். அதாவது இதைச் சாப்பிடும் நாட்களில் பிளட் தின்னரை விடவே கூடாது. இரண்டும் சேர்ந்துதான் கணக்கு. சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

இங்கே ஒரு இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் "பிளீடிங் நிக்கிற மாத்திரை" என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் வெறும் டிரானெக்சாமிக் இல்லை. அதோடு மெஃபனாமிக் ஆசிட் சேர்ந்த கூட்டு மாத்திரை. பெயருக்குப் பின்னால் 'எம்எஃப்' என்று போட்டிருக்கும். தங்கைக்கு அவள் வீட்டுப் பக்கத்துக் கடையில் அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. மெஃபனாமிக் என்பது வயிற்றுவலிக்கு வீட்டுக்கு வீடு இருக்கும் மெஃப்டால் ஸ்பாஸில் உள்ள அதே மருந்து. மற்ற பெண்களுக்கு அது போக்கையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் பிளட் தின்னர் சாப்பிடுகிறவர்களுக்கு இரைப்பையில் புண் உண்டாக்கி, அங்கிருந்து ரத்தம் கசிய வைக்கும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் இதே குடும்பம். அட்டையின் பின்பக்கம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள், அல்லது கடைக்காரரிடம் "இதுல மெஃபனாமிக் இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். அதிலும் வார்ஃபரின் வகை சாப்பிடுகிறவர்கள் தொடர்ந்து நாலைந்து நாள் நான்கு வேளையும் 650 மில்லிகிராம் போட்டால் ஐஎன்ஆர் ஏறும்.

பிளட் தின்னரையே மாற்றுவது

தங்கைக்கு இது திறந்திருந்த கதவு. காலில், நுரையீரலில் உறைவு வந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் ரிவராக்சபான் சாப்பிட்ட பெண்களுக்கு வார்ஃபரினை விட ஏறத்தாழ இரு மடங்கு மாதவிடாய்ப் போக்கு இருந்தது. ரிவராக்சபானைப் போலவே புதிய பிளட் தின்னர்கள் இன்னும் மூன்று உண்டு. எடாக்சபானிலும் வார்ஃபரினை விட அதிகம். அபிக்சபானில் வார்ஃபரின் அளவுதான். டாபிகாட்ரானில் அதைவிடக் குறைவு. அதனால் புதிதாகத் தொடங்கும் பெண்ணுக்கு, மாதவிடாய் ஏற்கெனவே அதிகம் என்றால், அபிக்சபானில் தொடங்கலாமா என்று கேட்பது நல்ல கேள்வி. காலை மாலை இரண்டு வேளை போட வேண்டும், மறதிக்காரர்களுக்கு அது சிரமம். டாபிகாட்ரான் தொடங்கும் முன் ஐந்து நாளாவது உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி வேண்டும், அதன் கேப்சூல் சிலருக்கு நெஞ்செரிச்சல் தரும்.

ஆனால் இந்த ஆய்வுகள் மாதவிடாயை அளப்பதற்கென்று நடத்தப்பட்டவை அல்ல. மற்ற ரத்தப்போக்குகளோடு சேர்த்து எண்ணியவை. ரிவராக்சபானிலேயே இருப்பது, டாபிகாட்ரானுக்கு மாறுவது, டிரானெக்சாமிக் சேர்ப்பது ஆகிய மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிடத் தொடங்கிய ஆய்வு, போதிய பெண்கள் சேராததால் பாதியில் நின்றது. எது மேல் என்று அதில் தெளிவாகவில்லை. மாற்றினால் நின்றுவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், குறையலாம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு மாதம் முடிந்தும் தொடர வேண்டியிருப்பவர்களுக்கு ரிவராக்சபான் 10 மில்லிகிராமாகவோ அபிக்சபான் 2.5 மில்லிகிராம் இரு வேளையாகவோ குறைக்க வழி இருக்கிறது. அந்த நேரத்தில் இதை நினைவுபடுத்திக் கேளுங்கள்.

அத்தைக்கு இந்தக் கதவு சாத்தியே இருக்கிறது. உலோக வால்வுக்கு இந்தப் புதிய பிளட் தின்னர்கள் ஆகாது. டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2013 வாக்கில் நிறுத்தவே வேண்டியதாயிற்று. உறைவும் கூடியது, ரத்தப்போக்கும் கூடியது. வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கி இதயத்துடிப்பு தாறுமாறானவர்களுக்கும் வார்ஃபரின் வகைதான் நல்லது என்று 2022-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தத்தை உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயில், அதற்கான மூன்று ரத்தப் பரிசோதனைகளும் பாசிட்டிவ் ஆனவர்களுக்கும் அப்படியே. "என் தோழிக்கு மாத்திரையை மாத்தினாங்க, சரியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால், தோழிக்கு அது எதற்காக என்று கேளுங்கள்.

ஹார்மோன் மாத்திரைகள்

நாரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அறிமுகமான மாத்திரை. கோயில் திருவிழா, கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட வாங்குவது இதைத்தான். பெருக்கெடுக்கும் போக்கைச் சில நாளில் கட்டுப்படுத்தும். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று என்று சாப்பிடும்போது அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் உறைவைத் தூண்டும். ஆகவே ரத்தம் ஒருமுறை உறைந்தவர்கள் திருவிழாவுக்காகக் கடையில் இதைக் கேட்டு வாங்கக் கூடாது. டாக்டர் அவசரத்துக்குச் சில நாள் கொடுப்பது, பிளட் தின்னர் முழு அளவில் இருக்கிறது என்ற தைரியத்தில்.

அந்தத் தைரியத்துக்கு ஆதாரம் உண்டு. ரிவராக்சபான் ஆய்வுகளில் இருந்த சுமார் 1,900 பெண்களின் விவரங்களை அலசி 2016-இல் வெளியிட்டார்கள். முழு அளவு மருந்தோடு ஹார்மோனும் சாப்பிட்டவர்களுக்கு மறுபடி உறைவு கூடவில்லை. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரைகளுக்கும் இதே வாதம் பொருந்தும். ஆனால் அவற்றை பிளட் தின்னர் நிறுத்துவதற்குச் சில வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். அந்தத் தேதியை மறந்துவிடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வேறு வழி இருக்கும்போது எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. வால்வு மாற்றியவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜனைத் தவிர்ப்பார்கள்.

டெசோஜெஸ்ட்ரெல் 75 மைக்ரோகிராம் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டிய மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் இல்லை. தினமும் இடைவெளி இல்லாமல் சாப்பிடுவது. சிலருக்கு மாதவிடாய் நின்றே போகும், சிலருக்குக் கண்ட நேரத்தில் பொட்டுப் பொட்டாகப் படும். இது கருமுட்டை வெளியாவதையும் நிறுத்துகிறது. பிளட் தின்னர் சாப்பிடும் சிலருக்கு, முட்டை வெடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வயிற்றுக்குள் தேங்கிவிடும். மாதத்தின் நடுவிலோ மாதவிடாய்க்கு முந்தைய வாரத்திலோ திடீரென்று ஒரு பக்கம் அடிவயிறு கடுமையாக வலித்து மயக்கமும் வந்தால் காத்திருக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். ஒருமுறை அப்படி ஆனவர்களுக்கு இந்த மாத்திரை போக்கைக் குறைப்பதை விடப் பெரிய உதவி செய்கிறது.

அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கும் மூன்று மாத ஊசியான 'அந்தரா', கருத்தடைக்கு நல்லது. போக்கும் நாளடைவில் குறையும். ஆனால் உறைவு அபாயத்தைக் கூட்டும் என்ற சந்தேகம் அதன் மேல் இருக்கிறது, போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. பிளட் தின்னர் நடுவில் நிற்கப்போகிறது என்றால் வேண்டாம். லக்னோ ஆய்வகத்தில் உருவாகி 1991-இல் 'சஹேலி' என்ற கருத்தடை மாத்திரையாக வந்த ஆர்மெலாக்சிஃபினையும் அதிகப் போக்குக்கு நம் டாக்டர்கள் நிறைய எழுதுகிறார்கள். அது மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் தமாக்சிஃபென் வகையைச் சேர்ந்தது. தமாக்சிஃபென் உறைவைக் கூட்டும் என்பது தெரிந்ததே. உறைவு வந்தவர்கள் அதை எழுதும் டாக்டரிடம் தங்கள் கதையை முழுக்கச் சொல்லியாக வேண்டும்.

ஹார்மோன் காயில்

கர்ப்பப்பைக்குள் வைக்கும் சின்ன ஆங்கில 'டி' வடிவக் கருவி. மிரெனா என்ற பெயரில் பலருக்குத் தெரியும். தினம் 20 மைக்ரோகிராம் அளவில் லீவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் கசிந்து, உள்தோலை அங்கேயே மெலிய வைக்கிறது. உடம்பு முழுக்கப் போவது மிகக் கொஞ்சம் என்பதால் உறைவு அபாயம் கூடுவதில்லை. ஆறு மாதம் போனால் போக்கு 80 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. சிலருக்கு மாதவிடாயே வராது. சாதாரண அதிகப் போக்கு உள்ள 571 பெண்களிடம் இங்கிலாந்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களை விடக் காயில் வைத்தவர்களின் அன்றாட வாழ்க்கை அதிகம் தேறியது. நீண்ட காலம் பிளட் தின்னர் சாப்பிட வேண்டிய பெண்ணுக்கு, கர்ப்பப்பையின் வடிவம் சரியாக இருந்தால், முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் வேறொன்றோடு குழப்பிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. காப்பர் டி போக்கைக் கூட்டும். அத்தையிடம் "உள்ள வைக்கிற கருவி" என்றதும், "அய்யோ, அதை வெச்சு நம்ம வடக்குத் தெருக்காரி பட்ட பாடு தெரியாதா" என்றார். அந்த அம்மாவுக்கு வைத்தது காப்பர் டி. வடிவம் ஒன்று, வேலை நேர் எதிர். அத்தைக்கு இதைப் புரியவைக்கவே இரண்டு வாரம் ஆனது.

குறையும் உண்டு. முதல் மூன்று முதல் ஆறு மாதம் பொட்டுப் பொட்டாகப் படும், பிளட் தின்னர் சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடவே. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் மாதம் எடுக்கச் சொல்லிவிடுவார்கள். அதிகப் போக்கில் காயில் தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். அதனால் போக்கு அடங்கிய நாளில் வைப்பது நல்லது. கருமுட்டை வெளியாவதை இது நம்பகமாக நிறுத்தாது. வைப்பதற்காகப் பெரும்பாலும் பிளட் தின்னரை நிறுத்தத் தேவையில்லை. ஐஎன்ஆர் வரம்புக்குள் இருந்தால் போதும், ரிவராக்சபான் வகை என்றால் அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் வைக்கலாம். இதய நோயாளிகளுக்கு வைக்கும் நேரத்தில் துடிப்பு இறங்கி மயக்கம் வரலாம். ஆகவே இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டு, வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் வைக்க வேண்டும். கையிலிருந்து ஒரு தொகை ஒரேயடியாகப் போகும். மாதாமாதம் வாங்கும் பேட், மாத்திரை, இரும்பு ஊசி எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் அது பெரிய தொகை இல்லை.

எடுத்துவிடலாமா?

"ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனி எதுக்கு, எடுத்துடு" என்ற பேச்சு நம் ஊரில் எளிதாக வரும். கர்ப்பப்பையை எடுத்தால் போக்கு நிச்சயம் நிற்கும். ஆனால் பெரிய அறுவைக்கு முன் பிளட் தின்னரை நிறுத்தி, வால்வு போன்ற அபாயம் உள்ளவர்களுக்கு இடையில் ஹெப்பாரின் ஊசி போட்டு, பிறகு மறுபடி தொடங்க வேண்டும். அந்தச் சில நாட்களில் உறைவும் வரலாம், வெட்டிய இடத்தில் ரத்தமும் கசியலாம். உறைவு வந்து மூன்று மாதம் ஆகாதவர்களுக்கு அவசரம் இல்லாத எந்த அறுவையும் தள்ளிப்போடப்படும். உள்தோலைச் சூட்டால் எரிக்கும் சிகிச்சை இதைவிடச் சிறியது. ஆனால் அதற்குப் பிறகு கரு தரித்தால் ஆபத்து, எனவே குழந்தை போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு மட்டும், கருத்தடையும் தொடர வேண்டும். பெரிய ஃபைப்ராய்டு இருப்பவர்களுக்கு அதற்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை உண்டு. புற்றுநோய் சந்தேகம் இல்லாதவரை கர்ப்பப்பையை எடுப்பதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

முருங்கைக்கீரைச் சிக்கல்

எந்த வழி எடுத்தாலும், போன ரத்தத்தை ஈடுகட்ட வேண்டும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால்தான் கவனிப்பது என்று இருக்க வேண்டாம். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வேளை போட்டாலும் உடம்பு நன்றாகவே ஏற்கும், வயிற்றுத் தொந்தரவும் குறைவு. காபி, டீயோடு மட்டும் வேண்டாம். ரொம்ப இறங்கிவிட்டால் நரம்பு வழி இரும்பு ஊசி வேகமாக வேலை செய்யும்.

அத்தைக்கு ஹீமோகுளோபின் 7.2 என்றதும் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது முருங்கைக்கீரை. அன்போடுதான் சொன்னார்கள். தினமும் பொரியல், சூப், அடை. முருங்கைக்கீரையில் விட்டமின் கே மிக அதிகம். அசெனோகூமரால், வார்ஃபரின் இரண்டும் தடுப்பது விட்டமின் கே-யின் வேலையைத்தான். மூன்றாவது வாரம் ஐஎன்ஆர் 1.6. கீரையே கூடாது என்பதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கரண்டி என்றால் எல்லா வாரமும் அதே அளவு இருக்க வேண்டும், அதை வைத்து டாக்டர் மாத்திரை அளவை நிர்ணயிப்பார். திடீரென்று கூட்டுவதும் திடீரென்று விடுவதும்தான் கெடுதல். தங்கைக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ரிவராக்சபானுக்கும் விட்டமின் கே-க்கும் சம்பந்தம் இல்லை. அவள் ஆசை தீரச் சாப்பிடலாம்.

இருவரும் எடுத்த முடிவு

தங்கைக்குக் காயில் வேண்டாம் என்று முடிவானது. மாத்திரை சில மாதம்தான், அடுத்த வருடம் இன்னொரு குழந்தைக்கு ஆசைப்படுகிறாள். விட்ட மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் மறுபடி ஸ்கேன் எடுத்து, நல்லவேளையாக உறைவு வளரவில்லை என்று பார்த்துவிட்டு, அபிக்சபானுக்கு மாற்றினார். இரண்டாவது மாதத்திலிருந்து போக்கு அதிகமுள்ள மூன்று நாள் மட்டும் டிரானெக்சாமிக், மெஃபனாமிக் கலக்காதது. பேட் கணக்கு மொத்தமாக 160-க்கு வந்தது. அதுவும் அதிகம்தான். ஆனால் மாத்திரையை விடவில்லை, வேலைக்குப் போனாள்.

அத்தை காயில் வைத்துப் பதினோரு மாதம் ஆகிறது. முதல் நாலு மாதம் தினமும் கொஞ்சம் கொஞ்சம் பட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு முறை எனக்குப் போன் செய்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். இன்னும் ஒரு மாதம் பாருங்கள் அத்தை என்றேன், இரண்டு முறையும். ஐந்தாவது மாதம் நின்றது. ஹீமோகுளோபின் இப்போது 11.4. காயிலை மாற்றும் வேளை வரும்போது அவருக்கு 48 ஆகியிருக்கும். அப்போது மாதவிடாய் நிற்கும் வயதா, இன்னொன்று வைப்பதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஐஎன்ஆர் எழுதும் நோட்டில் ஒவ்வொரு மாதமும் சிவப்பு மையால் ஒன்பது நாள் வட்டம் போடுவார். போன வாரம் பார்த்தபோது ஏழு பக்கத்துக்கு நீல மைதான் இருந்தது.